குண்டு எழுத்து போர்டுக்கு ஒத்துவருமா? கேள்வி பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கடை வைத்திருப்பவர்களும் பேனர் டிசைன் செய்யும் தம்பிகளும் தடித்த அலங்கார எழுத்துகளைப் பற்றிக் கேட்டவை இவை. எனக்குத் தொழிலே போர்டு வடிவமைப்பதுதான். அதனால் திரையில் எப்படி இருக்கிறது என்பதைவிட மேலே ஏற்றினபிறகு தெருவில் நிற்கிறவனுக்கு எப்படித் தெரியும் என்றுதான் பார்ப்பேன்.

பாலக்கோடு: அண்ணே, பேக்கரி, ஜூஸ் கடை போர்டில் எல்லாம் உருண்டையாக, குண்டாக ஒரு தமிழ் எழுத்து வருகிறதே, அது எது?

பெரும்பாலும் பலூ தம்பி என்ற எழுத்துருவாக (ஃபான்ட்) இருக்கும். மும்பையின் எக் டைப் குழு செய்தது, கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது. இப்போதைய பதிப்பு பலூ தம்பி 2, அதில் 400 (சாதா) முதல் 800 (ரொம்பக் குண்டு) வரை ஐந்து தடிமன்கள். முனையெல்லாம் மழுங்கி இருக்கும், கோடு எங்கும் கிட்டத்தட்ட ஒரே பருமன், ட, ப மாதிரி கட்டம் கட்டமான எழுத்துகூட மூலையில் வளைந்துதான் திரும்பும். ஐஸ்கிரீம், பொம்மைக் கடை, பிறந்தநாள் பேனருக்கு நன்றாக இருக்கும். கண்ணீர் அஞ்சலிக்குப் போடாதீர்கள், போட்டதைப் பார்த்திருக்கிறேன், அந்த எழுத்து துக்கத்திலும் சிரிக்கிறது.

பென்னாகரம்: சார், 800 தடிமன் எடுத்தேன், அதைச் சுற்றி வெள்ளைக் கோடாக ஸ்ட்ரோக், அப்புறம் நிழல் மாதிரி கறுப்பு ஷேடோ. பிரிண்ட் வந்தபிறகு எங்கள் ஊர்ப் பெயரையே படிக்க முடியவில்லை. ஏன்?

எழுத்தின் உள்ளே இருக்கும் ஓட்டைகளை அடைத்துவிட்டீர்கள், அதுதான் காரணம். இங்கிலீஷில் ஒரு எழுத்துக்கு ஒரு ஓட்டை, மிஞ்சினால் இரண்டு. நமக்கு அப்படியா? ண, ன, ஞ, இ, ஜ எல்லாம் சுழியும் வளைவுமாக ஓடுகிறவை. எழுத்துருவைத் தடிமனாக்கும்போது வடிவமைத்தவர் அந்த உள்வெளியை எப்படியோ இழுத்துப் பிடித்துக் காப்பாற்றி வைத்திருப்பார். நீங்கள் ஸ்ட்ரோக் போட்டவுடனே அது வெளிப்பக்கம் மட்டும் வளராது, ஓட்டைக்குள்ளும் வளரும். 'அவுட்சைடு' என்று தேர்ந்தெடுத்தாலும் இதே கதைதான், ஏனென்றால் சுழிக்குள் இருக்கும் வெற்றிடமும் எழுத்துக்கு வெளிப்பக்கம்தானே! அப்புறம் ன எது, ண எது என்று யாருக்குத் தெரியும்? உங்கள் ஊரை ஏற்கனவே ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள், நீங்கள் வேறு ஏன் குழப்புகிறீர்கள்? மேலே இருக்கும் புள்ளியும் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், 'ன்' போய் 'ன' ஆகிவிடும்.

ஸ்ட்ரோக் கட்டாயம் வேண்டும் என்றால் ஒரு படி மெலிந்த தடிமனை, 700 அல்லது 600ஐ எடுங்கள். எழுத்துக்கு எழுத்து இடைவெளியையும் கொஞ்சம் கூட்டுங்கள். ஸ்ட்ரோக், ஷேடோ இரண்டில் ஒன்று போதும். பிரிண்டுக்கு அனுப்பும் முன் டிசைனை செல்போனில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள், அதில் படிக்க முடிந்தால் பஸ் ஸ்டாண்டு எதிரிலும் படிக்கலாம்.

ஓசூர்: எங்கள் கடைக்குத் தமிழ், இங்கிலீஷ், கன்னடம் மூன்றும் வேண்டும், தெலுங்கும் போடலாமா என்று யோசனை. எல்லாம் ஒரே ஜாடையில் கிடைக்குமா?

கிடைக்கும். பலூ தம்பிக்குக் கன்னடத்தில் பலூ தம்மா, தெலுங்கில் பலூ தம்முடு என்று உடன்பிறப்புகள் உண்டு, இங்கிலீஷ் எழுத்து எல்லாவற்றிலும் சேர்ந்தே வரும். இவ்வளவு உருண்டை வேண்டாம் என்றால் அதே குழுவின் அனேக் என்ற எழுத்துரு இருக்கிறது, அதில் தடிமனோடு அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம், நீளமான கடைப் பெயருக்கு அது ரொம்ப உதவி. ஆனால் நான்கையும் ஒரே அளவில் போட்டுவிடாதீர்கள். கடைகள், நிறுவனங்களுக்கான விதிப்படி பெயர்ப்பலகையில் தமிழ்தான் முதலில், பெரிதாக இருக்கவேண்டும். தமிழ், இங்கிலீஷ், பிற மொழி 5:3:2 என்ற கணக்கு.

சூளகிரி: ஹைவேயை ஒட்டி மாம்பழ ஜூஸ் கடை. எழுத்து எத்தனை அடி உயரம் வேண்டும்?

போர்டுக்காரர்கள் பொதுவாகப் பிடிக்கும் கணக்கு, 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு வினாடியில் 70 அடிக்கு மேல் ஓடிவிடும், டிரைவர் படித்து, யோசித்து, வண்டியை ஓரம்கட்ட நாலு வினாடியாவது கொடுங்கள். சுமார் 300 அடி வருகிறது, அப்படியென்றால் எழுத்து இரண்டரை அடி. அந்த உயரத்தில் 'மாம்பழ ஜூஸ்' தவிர வேறெதையும் எழுதாதீர்கள். செந்தூரா, அல்போன்சா, மில்க்‌ஷேக் பட்டியலெல்லாம் கடைக்குள்ளே, சாதாரண மெல்லிய எழுத்தில்.

காவேரிப்பட்டணம்: வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாசகம் டிசைனரிடம் போனால் உடைகிறது. ஃபான்டில் கோளாறா?

உங்கள் ஃபோனில் இருப்பது யூனிகோடு, அதாவது ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறியீடு வைத்த பொது முறை. பல பிரிண்டிங் கடைகளில் இன்னும் பாமினி மாதிரி பழைய எழுத்துருக்கள்தான், அவை இங்கிலீஷ் எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்தவை. மாற்றிக்கொடுக்கும் கன்வர்ட்டர் இணையத்தில் கிடைக்கும். இன்னொன்று, கோரல் டிரா என்ற டிசைன் மென்பொருளின் பழைய பதிப்பில் யூனிகோடு எழுத்துரு போட்டால் கொம்பும் காலும் இடம் மாறும். பழைய போட்டோஷாப்பிலும் இப்படி ஆகலாம், அதில் டைப் செட்டிங்கில் 'வேர்ல்ட் ரெடி லேஅவுட்' போட்டால் சரியாகும்.

அரூர்: தாத்தா காலத்து மளிகைக் கடை போர்டில் 'லை' தும்பிக்கை வைத்து இருக்கும். புது போர்டிலும் அதே வேண்டும்.

1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவம் அது. யூனிகோடில் பழைய லைக்கும் புது லைக்கும் ஒரே குறியீடுதான், எந்த வடிவம் தெரியும் என்பது எழுத்துருவின் கையில். தேடி அலையாதீர்கள். பழைய போர்டை நேராக நின்று போட்டோ எடுத்து, கோரலில் அதன்மேல் கோடு இழுத்து வரைந்துவிடுங்கள். பெயிண்டர் கையால் எழுதியதன் ஜாடை எந்த ரெடிமேட் ஃபான்டிலும் வராது, இருக்கும் போர்டைக் கழற்றி எறியவும் வேண்டாம்.

பர்கூர்: எருது விடும் விழா நோட்டீஸ் முழுவதையும் குண்டு எழுத்திலேயே அடிக்கலாமா?

தலைப்பும் தேதியும் மட்டும். விதிமுறை, பரிசு விவரம் எல்லாம் சாதா எழுத்தில் போடுங்கள், இல்லையென்றால் அன்றைக்குக் காலையில் எல்லாரும் உங்களுக்குத்தான் ஃபோன் போட்டுக் கேட்பார்கள்.