கருமுட்டை உறை தடிமன் என்று சொன்னார்களா?

கேள்வி: எனக்கு 36 வயது. முதல் ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறைக் கருத்தரிப்பு) தோல்வி. கருமுட்டையின் மேலுறை தடிமனாக இருக்கிறது, அடுத்த முறை லேசரால் துளை போடலாம் என்றார்கள். அதுவரை மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டால் உறை மெலியும் என்கிறார் மையத்தை அறிமுகம் செய்தவர். சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம். உறையை மெலிய வைக்கும் மாத்திரை எதுவும் இல்லை.

நீங்கள் தாயின் வயிற்றில் இருந்தபோதே உங்கள் கருமுட்டைகள் உருவாகிவிட்டன. ஆனால் அப்போது அவற்றுக்கு இந்த உறை கிடையாது. பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும் முட்டை, வளரத் தொடங்கும்போதுதான் தன்னைச் சுற்றிச் சில புரதங்களைச் சுரக்கிறது. முதலில் திட்டுத்திட்டாகப் படியும். அப்புறம் இழைகள் ஒன்றோடொன்று பின்னி முழு உறையாகும். வெளியே ஒட்டியிருக்கும் செல்கள் இந்த உறைக்குள் மெல்லிய கிளைகளை நீட்டி முட்டைக்கு ஊட்டம் கொடுக்கும். முட்டை முதிரும்போது உறையின் தடிமன் 15 முதல் 20 மைக்ரோமீட்டர் இருக்கும். ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாகப் பிரித்தால் ஒரு பங்கு, அவ்வளவுதான். ஒரே முட்டையில்கூட ஒரு பக்கம் கொஞ்சம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். அதனால் அறிக்கையில் ‘தடிமன்’ என்று ஒற்றை வரி எழுதியிருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

உறை இருப்பது உங்களுக்கு நல்லதற்குத்தான். ஒரு விந்தணு உள்ளே போனதும் உறை இறுகி மற்றவற்றைத் தடுக்கிறது. ஐந்தாம் நாள் வாக்கில் கரு விரிய விரிய உறை தானே மெலிந்து, கரு அதைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். லேசர் துளை அந்த வேலைக்கு உதவி என்கிறார்கள். குழந்தை பிறக்கும் வாய்ப்பை அது கூட்டுவதாக உறுதியான சான்று இல்லை. ஐரோப்பிய கருத்தரிப்பு மருத்துவச் சங்கமான எஷ்ரே 2023இல் தந்த வழிகாட்டலிலும் இதைப் பரிந்துரைக்கவில்லை. ஒரே கரு இரண்டாகப் பிரிந்து இரட்டையாகும் வாய்ப்பும் சற்றுக் கூடலாம். அப்படியிருந்தும் கட்டணச் சீட்டில் இது ஏன் தானாக ஏறி உட்கார்ந்துகொள்கிறது? நோயாளியிடம் யாரும் நிதானமாகப் பேசுவதில்லை. முட்டையைக் கண்ணால் பார்த்த எம்பிரியாலஜிஸ்ட்டை, அதாவது ஆய்வகத்தில் முட்டையையும் கருவையும் கையாளும் நிபுணரை, நீங்கள் சந்திப்பதே இல்லை. அந்த இடைவெளியில்தான் கமிஷன் வாங்கும் ஆள் மாத்திரை டப்பாவோடு நுழைகிறார். மையத்துக்கு ஆள் சேர்ப்பவர் சிகிச்சை சொன்னால் கேட்காதீர்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அபூர்வமாகச் சிலருக்கு உறையே உருவாவதில்லை. உறைப் புரதத்துக்கான மரபணுவில் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுள்ள பிரதி வந்திருந்தால் இப்படி நேரலாம். இசட்பி1 என்ற மரபணுவில் இத்தகைய பழுது 2014இல் ஒரு குடும்பத்தில் கண்டறியப்பட்டது. ஸ்கேனில் முட்டை வளரும் பைகள் நிறையத் தெரியும், உறிஞ்சி எடுத்தால் முட்டை கிடைக்காது, கிடைத்தாலும் எளிதில் உடையும். ஊசி நன்றாகப் போடவில்லை என்று பழி சொல்லியே இத்தகைய பெண்களை மறுபடி மறுபடி அதே சிகிச்சைக்கு இழுப்பது எனக்கு ஆற்றாத கோபம். இரண்டு முறை இப்படி ஆகி, சகோதரிக்கும் குழந்தையில்லை அல்லது பெற்றோர் நெருங்கிய உறவினர் என்றால் மரபணுப் பரிசோதனை கேளுங்கள். உங்களுக்குத்தான் உறை இருக்கிறதே, இது உங்கள் கதை இல்லை.

உங்கள் வயதில் கரு பதியாததற்கு உறையைவிடக் குரோமோசோம் கோளாறே பெரிய சந்தேகம். எத்தனை முட்டை முதிர்ந்தது, எத்தனை கருவானது, ஐந்தாம் நாளை எத்தனை எட்டியது என்ற ஆய்வகக் குறிப்பை எழுத்தில் வாங்கி, அந்த மையத்தோடு தொடர்பில்லாத இன்னொரு மருத்துவரிடம் காட்டுங்கள்.