பந்தி வாசலில் அப்பச்சி

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். லேபில் பைத்தானில் க்யூ, அதாவது முதலில் வந்ததை முதலில் எடுக்கும் வரிசை, எழுதச் சொன்னார்கள். லிஸ்ட்டையே பேரண்ட் கிளாஸாக வைத்து சேர்க்க என்க்யூ, எடுக்க டிக்யூ என்று இரண்டு மெத்தட் சேர்த்தேன். எட்டே வரி, எல்லா டெஸ்ட்டும் பாஸ். ஆனாலும் பாதி மதிப்பெண்தான். காரணமும் சொல்லவில்லை. லிஸ்ட்டிலேயே எல்லாம் இருக்கும்போது கிளாஸ் எதற்கு?

க., காரைக்குடி

அன்புள்ள க.,

காரணம் சொல்லாமல் விட்டது தப்பு. மதிப்பெண்ணைக் குறைத்தது சரிதான்.

நம் பக்கத்துக் கல்யாண வீடுகளில் பந்தி வாசலில் ஒருவர் நிற்பார், பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் அது அப்பச்சி. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிலைப்படியை மறித்து நிற்பார். வருகிறவர் கடைசியில் நிற்க வேண்டும், முதலில் நிற்பவர் உள்ளே போக வேண்டும். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று பக்கவாட்டில் நுழைகிறவரை ஒரு பார்வைதான் பார்ப்பார்.

உங்கள் க்யூவில் அந்த ஆள் இல்லை. லிஸ்ட்டுக்கு வாரிசாக்கியதால் இன்சர்ட், சார்ட், ரிவர்ஸ் என்று அதன் சொத்து முழுக்க வந்துவிட்டது. யாராவது இன்சர்ட்(0, "மாமா") என்று எழுதினால் மாமா முதல் இலையில் உட்கார்ந்துவிடுவார். டெஸ்ட் எழுதியவருக்கு அந்தப் புத்தி போயிருக்காது.

ஜாவாவே இதில் சறுக்கியிருக்கிறது. கடைசியில் வைத்ததையே முதலில் எடுக்க வேண்டிய அதன் ஸ்டாக், லிஸ்ட் மாதிரியான வெக்டரின் வாரிசு. நடுவில் எதையும் செருகலாம். இன்றும் அப்படியேதான் இருக்கிறது, அதன் ஆவணமே டெக்கை (இரு முனையிலும் சேர்க்கவும் எடுக்கவும் முடிகிற வரிசை) பயன்படுத்தச் சொல்கிறது.

அதனால் லிஸ்ட்டை உள்ளே செல்ஃப்._ஆட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அடிக்கோடு வெறும் கயிறு கட்டிய மாதிரிதான், தாண்டுகிறவன் தாண்டலாம். ஆனால் தெரியாமல் தாண்ட முடியாது.

அப்புறம் டிக்யூவில் லிஸ்ட்டின் முதல் ஆளை எடுக்கும் அந்த பாப்(0). டாக்டர் வீட்டு பெஞ்சில் முதல் ஆள் உள்ளே போனதும் மற்றவர்கள் பை, குடை, குழந்தையோடு ஓரிடம் நகர்ந்து உட்காருவார்களே, அதே கதைதான். 10,000 பேரை ஒவ்வொருவராக அனுப்பி முடிக்க ஏறக்குறைய 5 கோடி நகர்த்தல். டோக்கன் கொடுத்தால் யாரும் எழுந்திருக்க வேண்டாம், கூப்பிடும் எண் மட்டும் கூடும். அதுதான் ஹெட். அடுத்து வருகிறவர் உட்காரும் இடத்தின் எண் டெயில். 8 இடம் என்றால் டெயில் = (டெயில் + 1) % 8; கடைசி இடம் நிரம்பியதும் எண் 0க்குத் திரும்பிவிடும். ஹெட்டும் டெயிலும் ஒரே எண்ணில் நின்றால் க்யூ காலியா, நிறைந்ததா? இதில் நான் ஒரு ராத்திரி தூக்கத்தைத் தொலைத்திருக்கிறேன். எத்தனை பேர் என்பதைத் தனி மாறியில் வைத்துவிடுங்கள், தீர்ந்தது.

வேலைக்கு எழுதும்போது இவ்வளவும் வேண்டாம். பைத்தானோடு வரும் கலெக்‌ஷன்ஸில் டெக் இருக்கிறது, முதல் ஆளை எடுக்க அதன் பாப்லெஃப்ட் போதும். லிஸ்ட்டை எடுத்துவிட்டு உள்ளே அதை வைத்தாலும் என்க்யூ, டிக்யூ கூப்பிடுகிறவருக்கு எதுவும் தெரியாது. சமையற்கட்டில் ஆள் மாறினால் பந்தியில் இருப்பவருக்கு என்ன?

காலி க்யூவில் டிக்யூ கூப்பிட்டால் உங்கள் எட்டு வரி என்ன செய்கிறது என்று பார்த்தீர்களா? அதையும் எழுதிவிட்டு, மறுபடி கொண்டுபோய்க் காட்டுங்கள்.