தங்கையின் குழந்தை என்.ஐ.சி.யூ-வில் இருக்கும்போது

30 வாரத்திலேயே குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்.ஐ.சி.யூ-வில், அதாவது பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில், இன்குபேட்டரில் இருக்கிறது, போன் செய்தாலே தங்கை அழுகிறாள், என்ன செய்வதென்று தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். என் மகனும் ஆறு வாரம் அப்படி இருந்தவன்தான். மானிட்டர் ஒவ்வொரு முறை கத்தும்போதும் வயிறு கலங்கும்.

முதலில், "குழந்தை எப்படி இருக்கு?" என்று கேட்பதை நிறுத்துங்கள். நேற்று நன்றாக இருந்த குழந்தை இன்று மூச்சுக்குத் திணறலாம். அவள் என்னவென்று சொல்வாள்? "பதில் போட வேண்டாம், உன் நினைப்பாகவே இருக்கிறேன்" என்று ஒரு மெசேஜ் போதும். உறவினர்களுக்குத் தகவல் சொல்லும் வேலையையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

தாய்ப்பால் எடுக்கிறாள் என்றால் 24 மணி நேரத்தில் எட்டு முறையாவது பம்ப் செய்ய வேண்டியிருக்கும், நடுராத்திரியிலும். அந்தப் பம்பின் பாகங்களைக் கழுவி, கிருமி நீக்கிக் காயவைக்க ஓர் ஆள் இருந்தால் அவள் கொஞ்சம் கண்ணயரலாம். என் அக்கா எனக்கு அதைத்தான் செய்தாள். இன்றும் மறக்கவில்லை.

டாக்டர் சம்மதித்தால் குழந்தையை வெறும் மார்போடு அணைத்துக்கொள்ளும் கங்காரு பராமரிப்பு பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். அப்பாவும் செய்யலாம், அவரை யாரும் விசாரிப்பதே இல்லை, நீங்கள் விசாரியுங்கள்.

உங்களுக்கு லேசாகச் சளி இருந்தாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள். அப்புறம், "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று யாரையும் அவளிடம் சொல்ல விடாதீர்கள்.