போலீஸ் ஏலத்தில் கார் வாங்கலாமா? எந்த விலையோடு நிறுத்திக்கொள்வது?

கேள்வி: விழுப்புரத்தில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மாதச் சம்பளம் 34,000 ரூபாய். வங்கியில் 2,50,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். அம்மாவை மாதம் இரண்டு முறை புதுச்சேரி ஜிப்மருக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் வாடகைக் காருக்கு 2,500 ரூபாய் ஆகிறது. மதுவிலக்கு போலீஸார் பறிமுதல் செய்த கார்களை ஏலம் விடுகிறார்கள், ஆல்டோ மாதிரி சின்ன கார் 1 லட்சத்துக்குள் கிடைக்கும் என்கிறார் நண்பர். இறங்கலாமா? பணம் போதாவிட்டால் நகைக் கடன் வாங்கலாமா?

பதில்: நகைக் கடனை இப்போதே மறந்துவிடுங்கள். ஏலம் எடுத்தால் முழுத் தொகையையும் அன்றைக்கே, அல்லது அறிவிப்பில் சொன்ன சில நாட்களுக்குள் கட்ட வேண்டும். தவறினால் ஏலத்தில் சேர முன்பணமாகக் கட்டிய டெபாசிட் போய்விடும். அந்த அவசரத்தில்தான் பலர் நகையை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். கையில் இருப்பதற்குள் முடிகிற வண்டி என்றால் கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த ஏலம் வரும்.

முதலில் கார் உங்களுக்கு எவ்வளவு மிச்சம் பிடிக்கும் என்று பார்ப்போம். வாடகைக்கு வருடம் 60,000 ரூபாய் போகிறது. சொந்த கார் என்றால் மாதம் சுமார் 160 கிலோமீட்டர் ஓடும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால் கிட்டத்தட்ட 11 லிட்டர், அதாவது 1,100 ரூபாய் பெட்ரோல். வருடத்துக்கு 13,000. இன்ஷூரன்ஸ் 3,000, சர்வீஸ், ரிப்பேர் என்று 15,000 சேர்த்தால் 31,000 ரூபாய். ஆக மிச்சம் 29,000. ஜிப்மர் பயணத்துக்கு மட்டும்தான் என்றால், கீழே சொல்லும் 1,80,000 ரூபாயும் போட்டால் அது திரும்ப ஆறு வருடம் ஆகும். அம்மாவுக்குக் கிடைக்கும் சௌகரியத்துக்கு விலை போட முடியாது, அது தனி. ஆனால் இந்த மாதமே வாங்கியாக வேண்டிய கட்டாயம் இல்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு ஏலத்துக்குப் போங்கள்.

இனி உச்ச விலை. 2,50,000-ல் 70,000 ரூபாயை அவசரத் தேவைக்கு ஒதுக்கிவிடுங்கள், வீட்டில் நோயாளி இருக்கிறார். மீதி 1,80,000. ஏலக் காரில் கட்டாயம் வரும் செலவுகள்: பேட்டரி 5,000, டயர் நான்குக்கு 14,000, ஆயில், ஃபில்டர், பெல்ட், கூலன்ட், பிரேக் வேலை எல்லாம் சேர்த்து 12,000, வயரிங், ஏசி 15,000. இதுவே 46,000. கண்ணுக்குத் தெரியாத கோளாறுக்கு 9,000 வைத்தால் 55,000. வண்டியை இழுத்துவர 5,000, ஆர்டிஓ செலவு 7,000, மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் 3,000. மொத்தம் 70,000. இதைக் கழித்தால் ஏலத்துக்கு 1,10,000 ரூபாய்தான் இருக்கிறது. இதற்குள் ஜி.எஸ்.டி.யும் அடங்க வேண்டும். ஏல மைதானத்தில் கூவும் தொகையில் வரி சேராது, ஏலம் முடிந்த பிறகு மேலே வரும். 18% என்றால் நீங்கள் வாய் திறந்து கேட்கக்கூடிய உச்சம் 93,000 ரூபாய். அறிவிப்பில் வேறு விகிதம் இருந்தால் அதை வைத்துக் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள்.

எந்த வண்டியைக் கேட்பது என்பதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். அரசுத் துறைகள் கழித்துக்கட்டும் ஜீப், கார்கள் எம்.எஸ்.டி.சி. என்ற மத்திய அரசு நிறுவனத்தின் இணைய ஏலத்திலும் வரும். ஆனால் 15 வருடம் தாண்டிய அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் செல்லாது. அவை பதிவு பெற்ற வாகன உடைப்பு மையங்களுக்குத்தான் போக வேண்டும். அதை வாங்கி உங்கள் பெயரில் ஓட்ட வழியில்லை. போலீஸ் ஏலத்திலும் சில வண்டிகள் உடைப்பதற்கு மட்டும் என்று விடப்படும். விலை மலிவாக இருக்கிறதே என்று கை தூக்கினால் காயலான்கடைச் சரக்கு வீட்டுக்கு வரும். பதிவுக் காலம் முடிய குறைந்தது 4 வருடமாவது மீதியிருக்கும் வண்டியாகப் பாருங்கள். 15 வருடம் முடிந்த காரைப் புதுப்பிக்கவே 5,000 ரூபாய் கட்டணம். அதோடு பசுமை வரியும், எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்காக டிங்கரிங், பெயின்ட் வேலையும் சேரும்.

உங்கள் ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு. விழுப்புரம் புதுச்சேரி எல்லையை ஒட்டிய மாவட்டம். சாராய வழக்கில் சிக்கும் கார்களில் புதுச்சேரியின் பி.ஒய். நம்பர் பலகை இருக்கலாம். அப்படிப்பட்ட காருக்குப் பழைய பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்று பற்றிய கேள்வி எழும், தமிழ்நாட்டு ஆயுள் வரியும் கட்ட வேண்டும். அது எவ்வளவு என்று முன்கூட்டியே ஆர்டிஓவில் கேட்டு, 93,000-ல் கழித்துக்கொள்ளுங்கள். கேட்க நேரமில்லை என்றால் டி.என். நம்பரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பார்வையிட விடும் நாளில் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். பெரும்பாலும் ஸ்டார்ட் செய்து பார்க்க விடமாட்டார்கள், அதனால் கண்ணும் கையும்தான் கருவி. பானெட்டைத் திறந்து ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். பால் கலந்த காபி மாதிரி இருந்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்கிறது, விட்டுவிடுங்கள். வயர்களில் எலி கடித்த தடம் இருக்கிறதா, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வருடக்கணக்கில் திறந்தவெளியில் நிற்கும் வண்டிகளில் அதைக் கழற்றிப் போவது உண்டு. டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் குழியைத் திறந்து துருவும் சேற்றுக் கோடும் பாருங்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. சாராயம் ஏற்றிய காரில் பின் ஸ்பிரிங் அமுங்கியிருக்கும், சில சமயம் சீட்டுக்கு அடியில் தகட்டை வெட்டி ரகசிய அறை செய்திருப்பார்கள். வெட்டிய தகடு வண்டியின் பலத்தையே குறைத்துவிடும்.

அடுத்து, சேசிஸ் நம்பர். 17 எழுத்து, எண்கள் கொண்டது. மாருதி என்றால் எம்.ஏ.3 என்று தொடங்கும். பல மாருதி கார்களில் எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டில் பொறித்திருக்கும். துணியால் துடைத்து மொபைலில் படம் எடுங்கள். எழுத்து சாய்ந்தோ, சுற்றிலும் உரசிய தடமோ இருந்தால் அந்த வண்டி வேண்டாம். பதிவு எண்ணை அரசின் பரிவாகன் இணையதளத்தில் போட்டு, அங்கே தெரியும் சேசிஸ் நம்பர் ஒத்துப்போகிறதா, கடன் கொடுத்த வங்கியின் பெயர் இன்னும் இருக்கிறதா, அபராதம் நிலுவையா, பிளாக்லிஸ்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். வங்கியின் பெயர் இருந்தால் நான் ஒதுங்கவே சொல்வேன். ஏல அலுவலகம் சரி என்றாலும், ஆர்டிஓ கவுன்டரில் மாதக்கணக்கில் நிற்க வேண்டி வரலாம்.

ஏலம் எடுத்துவிட்டால் காகிதம் வாங்காமல் மைதானத்தை விட்டு நகராதீர்கள். விற்பனையை உறுதிசெய்து அதிகாரி கையெழுத்திட்ட சான்று, ஏலம் விட அனுமதித்த அரசு ஆணையின் சான்றிட்ட நகல், ஜி.எஸ்.டி.யோடு சேர்ந்த ரசீது, இருந்தால் ஆர்.சி. புத்தகம். சான்றில் உள்ள எஞ்சின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் படத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். 8 இருக்க வேண்டிய இடத்தில் பி என்று தட்டச்சாகியிருந்தால் ஆர்டிஓ திருப்பி அனுப்பிவிடுவார். அன்றே திருத்தினால் பத்து நிமிட வேலை, பிறகு அலைந்தால் வாரக்கணக்கு. வண்டி கைக்கு வந்த 30 நாளுக்குள் படிவம் 32-ல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். சாதாரண விற்பனைக்குரிய 29, 30 படிவங்கள் இதற்குப் பொருந்தாது. நம்பர் பலகையே இல்லாத வண்டி என்றால் முதலில் ஏலம் விட்ட துறையின் பெயரில் புது எண் போட்டு, அதன்பிறகுதான் உங்கள் பெயருக்கு மாறும். வேலை கூடுதல், புதியவர்களுக்கு வேண்டாம்.

இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டியை மைதானத்திலிருந்து ஓட்டி வராதீர்கள். வழியில் ஒருவர் மேல் இடித்தால் இழப்பீடு முழுக்க உங்கள் தலையில். 5,000 ரூபாய் இழுவை வண்டிக்கு வைத்தது இதற்குத்தான்.

சுங்கத்துறை ஏலம், பாதி விலையில் இன்னோவா என்று வாட்ஸ்ஆப்பில் வந்து, யு.பி.ஐ.யில் டெபாசிட் அனுப்பச் சொன்னால் அது மோசடி. டெபாசிட்டை அறிவிப்பில் சொன்ன அலுவலகத்திலோ அதிகாரப்பூர்வ தளத்திலோ மட்டும் கட்டுங்கள்.

மைதானத்தில் பழைய கார் வியாபாரிகள் கூட்டமாக வருவார்கள். உதிரிபாகமாகப் பிரித்தால் என்ன விலை போகும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. அவர்கள் கேட்டுவிட்டார்களே என்று அதற்கு மேல் கேட்காதீர்கள். 93,000-ஐத் தாண்டியதும் உட்கார்ந்துவிடுங்கள். ஏலம் கிடைக்காதவர்களுக்கு டெபாசிட் திரும்ப வரும், வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.