பழைய கார், புதிய பாகம்: பெங்களூரு வாசகர் கேள்வி-பதில்

எங்க அப்பா வச்சிருந்த 1972 அம்பாசிடர் மார்க் 2. ராத்திரி சிக்னல்ல நின்னா ஹெட்லைட் மங்கிப் போகுது. டைனமோவைக் கழட்டிட்டு ஆல்டர்னேட்டர் போட்டுடலாம்னு எலக்ட்ரீஷியன் சொல்றார். போடலாமா? — அல்சூர் வாசகர்

போடலாம். டைனமோ, ஆல்டர்னேட்டர் இரண்டுமே எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரித்து பேட்டரியைச் சார்ஜ் செய்பவை. பழைய காரில் செய்யும் மாற்றங்களில் செலவுக்கு அதிகப் பயன் தருவது இதுதான். முதலில் கணக்கைப் பாருங்கள். அந்தக் காலத்து லூகாஸ் சி40 வகை டைனமோ நல்ல நிலையில் இருந்தாலே உச்சத்தில் 22 ஆம்பியர். இரண்டு எச்4 பல்பு லோ பீமில் 110 வாட், அதாவது 9 ஆம்பியர். பார்க்கிங், டெயில், டேஷ் விளக்குகள் 2 அல்லது 3. இக்னிஷன் காயில் 4. மழை வந்து வைப்பரும் ஓடினால் இன்னும் 3. ஓடும்போது எப்படியோ சமாளிக்கும். ஐடிலிங்கில் டைனமோ கிட்டத்தட்ட எதுவுமே தராது. அத்தனையும் பேட்டரியிலிருந்து போகும். சில்க் போர்டில் அரை மணி நேரம் நின்றால் விளக்கு மங்காமல் என்ன செய்யும்?

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் எந்த முனை பாடியில் எர்த் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். பழைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் உண்டு. அப்படியே ஆல்டர்னேட்டரைக் கொடுத்தால் உள்ளே இருக்கும் டையோடு அந்த நொடியே போய்விடும். நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றும்போது இக்னிஷன் காயிலின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிப் போட வேண்டும்.

ஜே.சி. ரோட்டிலோ சிவாஜிநகர் குஜரியிலோ (பழைய பாகக் கடைகளிலோ) வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் உள்ளேயே உள்ள மாருதி வகை ஆல்டர்னேட்டர் கிடைக்கும். பிராக்கெட்டை 6 மி.மீ. தகட்டில் செய்யச் சொல்லுங்கள். மெல்லிய தகடு அதிர்ந்து அதிர்ந்து மூன்றே மாதத்தில் விரிசல் விடும். கிராங்க் புல்லியும் ஆல்டர்னேட்டர் புல்லியும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று இரும்பு ஸ்கேல் வைத்துப் பாருங்கள். 1 மி.மீ.க்கு மேல் விலகினால் பெல்ட் கத்தும், பிறகு அறுந்துவிடும்.

ஒயரிங்கில், டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்திய பழைய கட்-அவுட் பெட்டி இனி வேண்டாம். ஆல்டர்னேட்டரின் பெரிய முனையிலிருந்து ஸ்டார்ட்டர் சுவிட்சின் பேட்டரி முனைக்கு 10 சதுர மி.மீ. ஒயர், நடுவில் 60 ஆம்பியர் ஃபியூஸ். டைனமோவின் 'எஃப்' ஒயரை டேப் சுற்றி ஒதுக்குங்கள். டேஷில் உள்ள சிவப்பு இக்னிஷன் விளக்கின் ஒயர் ஆல்டர்னேட்டரின் 'எல்' முனைக்குப் போக வேண்டும். அந்த இடத்தில் பழைய இழை பல்பே இருக்கட்டும். அழகாக இருக்கிறது என்று எல்இடி போட்டால் ஆல்டர்னேட்டரைக் கிளப்பத் தேவையான சிறு மின்சாரம் அதன் வழியே போகாது, சார்ஜே ஆகாது. டேஷில் 30 ஆம்பியர் அம்மீட்டர் இருந்தால் அதை விலக்கிவிட்டு வோல்ட்மீட்டர் போடுங்கள். பெரிய ஆல்டர்னேட்டரின் மின்சாரம் முழுக்க அதன் வழியே போனால் புகையும்.

எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள எர்த் பட்டையையும் அப்போதே மாற்றிவிடுங்கள். அது சரியில்லை என்றால் செல்ஃப் அடிக்கும்போது மின்சாரம் சோக் கேபிள் வழியாகத் திரும்பும். கேபிள் கைசுடும். "சோக் ஏன் சூடாகுது" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். எல்லாம் முடிந்ததும் விளக்கைப் போட்டு மீட்டரை வைத்துப் பாருங்கள்: 13.8 முதல் 14.4 வோல்ட் வரவேண்டும். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது, வண்டியை எடுக்காதீர்கள்.

ஹெட்லைட்டுக்கு ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) வைக்கவும் இதுவே நேரம். அத்தனை மின்சாரமும் பழைய சுவிட்ச் வழியே சுற்றி வந்தால் பல்புக்குச் சேரும்போது 10 வோல்ட்தான் மிஞ்சும். ரிலேயின் 30ஆம் முனைக்கு 15 ஆம்பியர் ஃபியூஸோடு பேட்டரி, 87 பல்புக்கு, 86 பழைய சுவிட்ச் ஒயருக்கு, 85 எர்த்துக்கு. பல்புக்குப் போகும் ஒயர் 2.5 சதுர மி.மீ. இதைச் செய்தால் 100/90 வாட் பல்பு கேட்கவே மாட்டீர்கள். அது ஹோல்டரை உருக்கும் சாமான்.

1986 பத்மினி. இ20 பெட்ரோல் வந்ததிலிருந்து காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, பிக்கப்பிலும் இழுவை இல்லை. ஜெட்டைப் பெரிதாக்கலாமா? — மர்ஃபி டவுன் வாசகர்

ஜெட் என்பது கார்ப்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளைத் திருகு. அதைத் தொடும் முன் ரப்பரைப் பாருங்கள். இ20 என்றால் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் பழைய ரப்பர் ஹோஸை ஊற வைத்து, பிறகு வெடிக்க விடும். ஊசி வால்வின் நுனி, பம்ப் டயஃப்ரம், கேஸ்கெட் எல்லாம் இதே கதை. பெட்ரோல் ஹோஸ் முழுவதையும் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ரகத்துக்கு மாற்றுங்கள். டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். ஆயிலில் பெட்ரோல் வாடை வந்தால் மெக்கானிக்கல் பம்பின் டயஃப்ரம் கிழிந்து, பெட்ரோல் சம்ப்பில் (எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டியில்) இறங்குகிறது. அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் போகும்.

எத்தனால் டேங்கில் ஒட்டிக் கிடந்த பழைய பிசினையும் துருவையும் கரைத்துக் கொண்டுவரும். அதனால் முதல் இரண்டு மூன்று டேங்க் முடியும் வரை உள்ளே தெரியும் ஃபில்டரை வைத்து அடிக்கடி மாற்றுங்கள். வண்டியை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் டேங்கை நிரப்பியோ முழுக்கக் காலி செய்தோ நிறுத்துங்கள். அரை டேங்கோடு நின்றால் காற்றின் ஈரத்தை எத்தனால் உறிஞ்சும், கடைசியில் தண்ணீர் பிரிந்து அடியில் நிற்கும். அடம்பிடிக்கும் காலைக்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

இப்போது ஜெட். சுத்தப் பெட்ரோல் 1 கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இ20க்கு ஏறத்தாழ 13.5 போதும். பழைய ஜெட்டோடு ஓட்டினால் கலவை 8 சதவீதம் மெலிகிறது. ஆனால் பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல். இங்கே காற்றின் அடர்த்தி 8 சதவீதம் போலக் குறைவு. கார்ப்புரேட்டரில் அது கலவையை 4 சதவீதம் அளவுக்குக் கெட்டிப்படுத்தும். ஆக, மேடு பாதியைச் சரிக்கட்டிவிடுகிறது. ஈடுகட்ட வேண்டியது மீதி 4 சதவீதம்தான்.

சோலெக்ஸ் ஜெட்டில் உள்ள எண் துளையின் விட்டம்: 120 என்றால் 1.20 மி.மீ. 122.5 போட்டால் பரப்பு 4 சதவீதம் கூடும்; 125 போட்டால் 8 சதவீதம். பெங்களூரிலேயே ஓடும் வண்டிக்கு 122.5 போதும். மாதம் ஒருமுறை சென்னைக்கு இறங்குபவருக்கு 125 சரி. கம்பி விட்டு ஜெட்டைக் குடைவது மட்டும் வேண்டாம். துளையின் வாய் கெட்டுவிட்டால் அளவு எதுவென்று பிறகு யாருக்கும் தெரியாது. பழைய ஜெட்டைப் பத்திரமாக வையுங்கள்.

ட்ராஃபிக்கில் தண்ணீர் கொதிக்கிறது. தெர்மோஸ்டாட்டை எடுத்துவிடச் சொல்கிறார்கள். — ஸ்ரீராமபுரம் வாசகர்

எடுக்காதீர்கள். எஞ்சின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு அது. எடுத்தால் எஞ்சின் எப்போதும் சூடேறாமல் ஓடித் தேயும்; கொதிப்பதற்கான காரணம் அப்படியே இருக்கும். இந்த ஊர் உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். 7 பிஎஸ்ஐ ரேடியேட்டர் மூடி சரியாகப் பிடித்தால் இன்னும் 11 டிகிரி போலக் கூடும். ஆகவே முதல் செலவு புது மூடி. அடுத்து ரேடியேட்டரின் மேல் தொட்டியைத் திறந்து குழாய்களில் கம்பி விட்டுச் சுத்தம் செய்வது, பிளாக்கின் வடிகால் குழாயைத் திறந்து சேற்றை வெளியேற்றுவது. கீழ் ஹோஸ் வேகமாக ஓடும்போது உறிஞ்சிச் சப்பையாகிறதா என்றும் பாருங்கள். உள்ளே ஸ்பிரிங் இருந்தால் ஆகாது. எலக்ட்ரிக் ஃபேன் கடைசி. அது 8 முதல் 12 ஆம்பியர் கேட்கும், டைனமோ வண்டியில் போட்டால் முதல் கேள்வியில் இருப்பவரின் நிலைதான்.

பத்மினிக்கு முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் போட என்ன ஆகும்? — ஃப்ரேசர் டவுன் வாசகர்

நாலு டிரம்மும் ஒழுங்காக இருந்தும் போதவில்லை என்று தெரிந்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி இது. பெரும்பாலான பத்மினிகளில் லைனிங் டிரம்மில் முழுதாகப் படிவதில்லை, வீல் சிலிண்டர் கசிந்து லைனிங் ஊறியிருக்கிறது, ஹோஸ் உள்ளே வீங்கியிருக்கிறது. இவற்றைச் சரிசெய்து புது டாட் 3 ஆயில் ஊற்றினாலே வண்டி நேராக நிற்கும். எஞ்சின் சக்தியைக் கூட்டாதவரை அது போதும்.

கூட்டியிருந்தால், அல்லது கூட்டப்போகிறீர்கள் என்றால், டிஸ்க். இங்கே சொதப்பும் இடங்கள் நான்கைந்து. பெடலை அழுத்தும்போது பிரேக் ஆயிலைத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். டிரம்முக்கானதில், லைனில் சிறிது அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் வால்வு இருக்கும். அது இருக்கும் லைனில் டிஸ்க்கைக் கொடுத்தால் பேட் விடவே விடாது, சக்கரம் சூடாகும். அடுத்து, டிஸ்க்கை இரு பக்கமும் பேடால் அழுத்திப் பிடிக்கும் காலிப்பருக்கு அதிக ஆயில் வேண்டும். பழைய சிறிய மாஸ்டர் சிலிண்டர் என்றால் பெடல் தரை தொடும். பெரிய துளை உள்ளதைப் போட்டால் பெடல் கல்லாகும், அப்போது வேக்குவம் பூஸ்டர் வேண்டியதாகிறது. பூஸ்டர் வந்தால் பின் டிரம்முக்கும் அழுத்தம் கூடி, மழையில் பின்சக்கரம் முதலில் பூட்டி வால் சுற்றும். அதனால் பின் லைனில் அழுத்தம் குறைக்கும் வால்வு. ஒன்றைத் தொட்டால் ஐந்தைத் தொட வேண்டும் என்பது இதுதான். எல்லாம் மாற்றுகிறீர்கள் என்றால் முன்னுக்கும் பின்னுக்கும் தனி லைன் உள்ள இரட்டை மாஸ்டர் சிலிண்டரையே வாங்குங்கள்.

காலிப்பர் பிராக்கெட்டை 10 மி.மீ. தகட்டில் லேத்தில் கடைந்து, 10.9 கிரேடு போல்டில் பூட்ட வேண்டும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்டப் ஆக்ஸிலில் வெல்டிங் வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அடித்துச் செய்த அந்த இரும்பு வெல்டிங் ஓரத்தில் நொறுங்கும் தன்மை கொள்ளும், சக்கரம் கையோடு வரும். டிஸ்க் சுழலும்போது டயல் கேஜில் ஆட்டம் 0.1 மி.மீ.க்குள் இருக்கட்டும். கடைசியில் ஆளில்லாத ஈரத் தரையில் 40 கி.மீ. வேகத்தில் அழுத்திப் பாருங்கள். முன்சக்கரம் முதலில் பூட்ட வேண்டும்.

தரைத் தகடு ஓட்டை. மேலே தகடு ஒட்டி பட்டி பூசினால் போதுமா? — கேஜிஎஃப்பிலிருந்து வந்து வில்சன் கார்டனில் இருக்கும் வாசகர்

போதாது. துருவின் மேல் ஒட்டிய தகட்டுக்கு நடுவே ஈரம் தங்கி, இரண்டு மழைக்காலத்தில் ஓட்டை இன்னும் பெரிதாக வரும். துரு முழுவதையும் வெட்டி, பளபளப்பான இரும்பு தெரியும் இடம் வரை போங்கள். 18 கேஜ், அதாவது 1.2 மி.மீ. தகடு. 0.8 மி.மீ. கம்பியில் சிஓ2 வெல்டிங், புள்ளி புள்ளியாக, ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் இடம் தள்ளி. ஒரே கோடாக இழுத்தால் தகடு வளையும். பிறகு எப்பாக்ஸி பிரைமர், சீலர், அடியில் அண்டர்கோட். பட்டி எங்கே பூசினாலும் 2 மி.மீ.க்குள். வாங்கப்போகும் வண்டியில் எவ்வளவு பட்டி இருக்கிறது என்று பார்க்க துணி சுற்றிய காந்தம் போதும்.

எஞ்சினையே மாற்றினால் ஆர்.சி.யில் சிக்கல் வருமா? — இந்திராநகர் வாசகர்

வரும், சொல்லாமல் மாற்றினால். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. எஞ்சின் மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி முதலில், வேலை பிறகு. பழைய எஞ்சினின் எண், புதியதன் ரசீது எல்லாம் கையில் இருக்க வேண்டும். நிறம் மாற்றினாலும் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும்.

வண்டி 50 வயதைத் தாண்டியது என்றால் கத்தியை வைக்கும் முன் இன்னொரு முறை யோசியுங்கள். 2021இல் வந்த விதிப்படி, பெரிய மாற்றமில்லாமல் அசல் வடிவில் இருக்கும் அந்த வயது வண்டிக்கு 'விஏ' என்ற எழுத்தோடு விண்டேஜ் பதிவு உண்டு. கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுக்கு. தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு இவற்றுக்கு மட்டும். வெட்டி ஒட்டிய வண்டிக்கு இந்தக் கதவு மூடிவிடும். போல்ட் போட்டு மாட்டியதைப் போல்ட் கழற்றி எடுக்கலாம் என்ற நிலையில் வேலையை வைத்துக்கொள்வது நல்லது.

செய்த வேலையை மற்ற ஆர்வலர்களுக்கு ஆன்லைனில் போடுகிறேன். படத்துக்கு லைக் வருகிறது, ஆனால் யாரும் அதைப் பார்த்துச் செய்ய முடியவில்லை என்கிறார்கள். — சிவாஜிநகர் வாசகர்

பளபளக்கும் முடிவுப் படத்தை வைத்து யாரும் பிராக்கெட் செய்ய முடியாது. கழற்றும் முன் தூரத்திலிருந்து ஒரு படம், பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒன்று, கழற்றிய பின் ஒன்று. ஒவ்வொரு ஒயருக்கும் இரண்டு முனையிலும் மாஸ்கிங் டேப்பில் ஒரே எண். அட்டையில் பாகத்தின் உருவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் போல்ட்டைக் குத்தி வைத்துப் படமெடுங்கள். மாட்டும்போது உங்களுக்கும் அதுவே வரைபடம்.

எழுதும்போது "மாருதி ஆல்டர்னேட்டர் போட்டேன்" என்று நிறுத்தாதீர்கள். எந்த மாடல், எந்த ஆண்டு, பாகத்தில் அச்சிட்ட எண் என்ன, பெல்ட்டின் நீளம், பிராக்கெட்டில் துளைக்குத் துளை தூரம், எதை அசலில் வெட்டினீர்கள், முன்பு எத்தனை வோல்ட் இருந்தது, இப்போது எத்தனை. முதலில் செய்து வீணான பிராக்கெட்டின் படத்தையும் போடுங்கள். அடுத்தவருக்கு நேரத்தையும் பணத்தையும் அதுதான் மிச்சப்படுத்தும். ஆயிரம், ஐயாயிரம் கி.மீ. ஓடிய பிறகு என்ன தளர்ந்தது என்று திரும்ப எழுதுங்கள். மாட்டிய அன்று எல்லாமே நன்றாகத்தான் ஓடும்.

நம்பர் பிளேட், சேசிஸ் எண், எஞ்சின் எண் மூன்றையும் மறைத்துவிடுங்கள். படத்தோடு போகும் இருப்பிட விவரத்தையும் நீக்குங்கள். கிடைக்காத பாகங்கள் உள்ள வண்டி எந்தத் தெருவில் நிற்கிறது என்பது ஆர்வலர்களுக்கு மட்டும் போய்ச் சேரும் செய்தி அல்ல.

அம்பாசிடருக்கு 185/65 ஆர்15 டயர் போடலாமா? — ஓசூர் ரோடு வாசகர்

பழைய 5.90-15 டயரின் விட்டம் 660 மி.மீ. போல, இது 621. ஸ்பீடோமீட்டர் 6 சதவீதம் கூடுதலாகக் காட்டும், ஸ்பீட் பிரேக்கரில் அடிவயிறு தட்டும். 175/80 ஆர்15 கிடைத்தால் விட்டம் 661, அதுவே பொருத்தம். ட்யூப் போட வந்த பழைய ரிம்மில் டயரின் ஓரத்தைப் பிடிக்கும் மேடு இருக்காது; ஆகவே ட்யூப்போடுதான் மாட்ட வேண்டும்.