போவதற்கு முன்பே வரும் அழுகை

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். என் பெயரை வெளியிட வேண்டாம்.

அம்மாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். கல்லீரலுக்கும் பரவிவிட்டது. இனி கீமோ கொடுத்துப் பயனில்லை, வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி ஐந்து வாரம் ஆகிறது. வேலைக்கு நீண்ட விடுப்பு போட்டுவிட்டு நான்தான் கூட இருக்கிறேன். அண்ணன் வாரக் கடைசியில் வந்து போகிறான்.

அம்மா பக்கத்து அறையில் உயிரோடு படுத்திருக்கிறாள். நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அவள் போய்விட்டதைப் போல அழுகிறேன். போன வாரம் அவளுடைய துணிகளை யாருக்குக் கொடுப்பது என்றுகூட மனசு யோசித்தது. நேற்று இரவு நாலாவது முறையாக எழுந்தபோது, ‘சீக்கிரம் முடிந்துவிட்டால் தேவலை’ என்று நினைத்துவிட்டேன். அதிலிருந்து அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சாப்பாட்டை வேண்டாம் என்று தள்ளிவிடுகிறாள். ‘நான் பிழைப்பேனாடி?’ என்று கேட்கிறாள். என்ன சொல்வது? நான் கெட்ட மகளா?

ச.

அன்புள்ள ச.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. நீங்கள் கெட்ட மகள் இல்லை.

அம்மா படும் பாடு ஓய வேண்டும், உங்களுக்கும் ஒரு ராத்திரி முழுத் தூக்கம் வேண்டும். நேற்று வந்த நினைப்புக்குள் இருந்தது இவ்வளவுதான். என் அப்பாவின் கடைசி மாதத்தில் எனக்கும் அது வந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு ஈரமான விரிப்பை உருவிக்கொண்டிருந்தபோது, மிகத் தெளிவாக வந்தது. பல வருடம் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘எனக்கும்தான்’ என்றார்.

அழுகை விஷயம். ஆள் இருக்கும்போதே வரும் இந்தத் துக்கத்தை மனநல மருத்துவர்கள் நன்றாகவே அறிவார்கள். 1944-ல் அமெரிக்க மனநல மருத்துவர் எரிக் லிண்டெமன் துக்கத்தைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரையில் இதையும் தொட்டார். போருக்குப் போனவன் இனி வரமாட்டான் என்று வீட்டில் இருப்பவர்கள் முன்கூட்டியே அழுது, மனதைத் தேற்றிக்கொண்டுவிடுகிறார்கள். அவன் உயிரோடு திரும்பி வந்தால், அவர்களால் பழையபடி அவனோடு ஒட்ட முடிவதில்லை. அவர் சொன்னதன் சாரம் அது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் அழுவது எனக்குக் கவலை தரவில்லை. துணிகளைப் பற்றி யோசித்ததும் அப்படித்தான். வரப்போவதை மனசு ஒத்திகை பார்க்கிறது. ‘அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிதான் கவலையாக இருக்கிறது. குற்றவுணர்ச்சி உங்களை அந்த அறையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளுகிறது. அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். இப்போதே அழுது தீர்த்துவிட்டால் பிறகு அழ வேண்டியிராது என்ற கணக்கும் சரிவராது. அந்த அழுகை தனியாக வரும்.

எப்படித் திரும்பிப் போவது? பெரிய பேச்சு எதுவும் வேண்டாம். கைவேலை ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். அப்பா விஷயத்தில் எனக்கு அது நகம் வெட்டுவதாக இருந்தது. நாமெல்லாம் மருந்து, வாந்தி, கழிவு என்று ஓடிக்கொண்டிருக்க, நகம் பாட்டுக்கு வளர்ந்துவிடுகிறது. வெதுவெதுப்பான நீரில் அவர் விரல்களை ஊறவைத்து, துடைத்து, ஒவ்வொன்றாக வெட்டினேன். கட்டைவிரல் நகத்தில் ஒரு பழைய வெடிப்பு இருந்தது. அவ்வளவு வருடம் கூடவே இருந்தும் அதை நான் பார்த்ததே இல்லை. அரைமணி நேரம் ஆனது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கையை என்னிடம் விட்டிருந்தார். அந்த அரைமணி நேரம் நான் அவருடைய சாவைப் பற்றி நினைக்கவில்லை.

சாப்பாட்டைப் பற்றி. இதில் நான் செய்த தவறை நீங்கள் செய்யக்கூடாது. சாப்பிட்டால் தெம்பு வரும் என்று நம்பி ஒருநாள் அப்பாவின் உதட்டைப் பிரித்து ஸ்பூனை உள்ளே தள்ளினேன். புரையேறி, முகம் சிவந்து, இருமி இருமி அவர் ஓய்ந்துபோனார். என்னை அவர் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அப்புறம் வந்த நர்ஸ்தான் விளக்கினார்: நோய் முற்றிய நிலையில் உடம்பு உணவை வாங்கிப் பயன்படுத்தும் சக்தியை இழந்துவருகிறது, பசியும் அடங்கிவிடுகிறது, உணவு குறைவதால் சாவு வருவதில்லை, சாவு நெருங்குவதால் உணவு குறைகிறது. விழுங்கும் திறன் குறைந்தவருக்கு ஊட்டினால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் ஆபத்து வேறு. அம்மா கேட்டால், கேட்ட அளவு கொடுங்கள். தள்ளினால் விட்டுவிடுங்கள். வாய் காய்வதுதான் அவளுக்குப் பெரிய தொந்தரவாக இருக்கும். சுத்தமான பஞ்சையோ மெல்லிய துணியையோ நனைத்து, உதட்டையும் ஈறையும் நாக்கையும் அடிக்கடி ஈரப்படுத்துங்கள். உதட்டில் களிம்பு தடவுங்கள். ஊட்ட வேண்டும் என்று தவிக்கும் உங்கள் கைக்கு இது வேலை கொடுக்கும்.

வலியைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. அது எனக்கு உறுத்துகிறது. கணையப் புற்றுநோய் வலி கொடுமையாக இருக்கக்கூடும். அதைப் பொறுத்துக்கொண்டுதான் ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சிசிலி சாண்டர்ஸ் என்று ஒருவர் இருந்தார். நர்ஸாக இருந்து, சமூகப் பணியாளராகி, பிறகு மருத்துவமும் படித்து, 1967-ல் லண்டனில் செயிண்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை, அதாவது சாகப்போகிறவர்களைப் பராமரிக்கும் இல்லத்தை, தொடங்கியவர். வலி வந்து நோயாளி கெஞ்சும் வரை காத்திருக்கக்கூடாது, வலி தலைதூக்கும் முன்பே நேரம் பார்த்து மருந்து கொடுக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். சாகப்போகிறவரின் வலியில் உடம்பு, மனம், குடும்பக் கவலை, ‘எனக்கு ஏன் இப்படி’ என்ற கேள்வி எல்லாம் பின்னிக்கிடக்கிறது என்றும் சொன்னார். வலி தணிப்பு மருத்துவக் குழு இருக்கிறதா என்று உங்கள் டாக்டரிடம் நாளைக்கே கேளுங்கள். கடும் வலிக்குக் கொடுக்கும் மருந்தான மார்ஃபின் பெயரைக் கேட்டதும் பயப்பட வேண்டாம். அளவு பார்த்துக் கொடுக்கப்படும் மார்ஃபின் உயிரைச் சீக்கிரம் பறிப்பதில்லை. மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து கேட்டு வாங்குங்கள்.

கடைசி நாட்களில் என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தால் பயம் குறையும். பெரும்பாலும் தூக்கம்தான். கை கால் குளிர்ந்து, தோலில் திட்டுத்திட்டாக நிறம் மாறும். மூச்சு நின்று நின்று வரும். தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கலாம். விழுங்க முடியாமல் தேங்கும் எச்சில் அது; கேட்கும் நமக்குத்தான் பதறுகிறதே தவிர, பெரும்பாலும் அவர்களுக்கு அது வேதனை இல்லை. ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்க வையுங்கள். பேசிக்கொண்டே இருங்கள். சாவுக்குச் சில மணி நேரம் முன்பு, நினைவு தப்பிய நிலையில் இருந்த சிலரின் மூளை ஒலிகளுக்கு எதிர்வினை காட்டியதைக் கனடாவில் நடந்த ஓர் ஆய்வு 2020-ல் பதிவு செய்தது. நீங்கள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அம்மாவின் உயிர் பிரிந்தால், அதற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள். அப்படிப் பலருக்கு நடக்கிறது. என் அப்பாவும் நான் கதவைத் திறக்க எழுந்து போன இடைவெளியில்தான் போனார்.

சரி, ‘நான் பிழைப்பேனாடி?’ அம்மாவுக்கு விடை தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அவள் கேட்பது, ‘இதைப் பற்றி உன்னிடம் பேசலாமா?’ என்பதாக இருக்கலாம். ‘எல்லாம் சரியாகிடும்மா’ என்று சொன்னால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துபோகும். பக்கத்தில் உட்கார்ந்து, ‘உனக்கு எப்படிம்மா தோணுது?’ என்று திருப்பிக் கேளுங்கள். அவள் என்ன சொன்னாலும் குறுக்கே பேசாதீர்கள். அழுகை வந்தால் அவள் முன்னாலேயே அழுங்கள், குழாயை மூடிவிட்டு. பேச விருப்பமில்லாமல் அவள் பேச்சை மாற்றினால், கூடவே நீங்களும் மாற்றிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, உங்கள் அண்ணன். வாரக் கடைசியில் வந்து நலம் விசாரித்துப் போவது போதாது என்று அவரிடம் நேராகவே சொல்லுங்கள். வெள்ளி ராத்திரியும் சனி ராத்திரியும் அவர் முறை. மருந்து நேரங்களை ஒரு தாளில் எழுதித் தலைமாட்டில் ஒட்டுங்கள், எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று ஒருமுறை செய்து காட்டுங்கள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள். எழுந்ததும் ஒரு கிண்ணத்தில் வெந்நீரும் நகவெட்டியும் எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போங்கள்.