எளிதில் அரிக்கும் தோலுக்கு வீட்டுச் சோப்பு: கேள்வி பதில்

கேள்வி (செந்தூல்): அக்கா, எந்தச் சோப்பைப் போட்டாலும் என் மகளுக்கு முழங்கை மடிப்பில் அரிக்கிறது. காஸ்டிக் சோடா இல்லாமல் வீட்டில் சோப்பு செய்ய முடியுமா?

பதில்: முடியாதம்மா. எண்ணெயும் காஸ்டிக் சோடா என்னும் காரமும் வினைபுரிந்தால்தான் சோப்பு உண்டாகும். அளவு சரியாக இருந்தால் முடிவில் காரம் மிச்சமிருக்காது. இத்தகைய தோலுக்காகப் பினாங்கில் என் வீட்டில் நான் செய்வது இதுதான்: ஆலிவ் எண்ணெய் 400 கிராம், தேங்காய் எண்ணெய் 100 கிராம், காஸ்டிக் சோடா 67 கிராம், தண்ணீர் 160 கிராம். இந்த எண்ணெய் முழுவதையும் சோப்பாக்க ஏறத்தாழ 72 கிராம் காரம் வேண்டும். அதில் 7 சதவீதத்தைக் குறைத்துக்கொள்வதால், சிறிதளவு எண்ணெய் சோப்பாக மாறாமல் தங்கி, குளித்தபின் தோல் இழுபடாமல் காக்கிறது. தேங்காய் எண்ணெயைத் தலைக்கும் உடம்புக்கும் தேய்த்தே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அதுவே சோப்பானால் தோலின் எண்ணெய்ப் பசையை அழுத்தமாகக் கழுவிவிடும் என்பதால் அதைக் குறைவாகவே சேர்க்கிறேன். வாசனையும் நிறமும் வேண்டவே வேண்டாம். எனினும், எந்த எண்ணெய்ச் சோப்பின் பிஎச் அளவும் (காரத்தன்மையைக் காட்டும் எண்) 9 முதல் 10 வரை இருக்கும். நம் தோலுக்கோ அது 5 அளவில்தான். ஆகவே தோல் சிவந்து வெடித்திருக்கும் நாள்களில் என் சோப்பையும் போடாமல், முதலில் மகளைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): காரத்தைக் கரைக்கவே பயமாக இருக்கிறது.

பதில்: அந்தப் பயம் நல்லது. எப்போதும் தண்ணீரில்தான் காரத்தைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, சன்னலைத் திறந்து வைத்து, எவர்சில்வர் பாத்திரத்தில் செய்யுங்கள். தொடக்கத்தில் ஒருமுறை தெரியாமல் காரக் கரைசலை அலுமினியச் சட்டியில் ஊற்றிவிட்டேன்; சீறிக்கொண்டு நுரை பொங்கி, சட்டியின் உட்புறம் கறுத்துப்போனது. அலுமினியத்தைக் காரம் அரிக்கும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காரம் தோலில் பட்டுவிட்டால் வினிகரைத் தேடி ஓடாமல், குழாய்த் தண்ணீரில் 15 நிமிடமாவது விடாமல் கழுவுங்கள்.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்): ஐந்தே நாளில் சோப்பின் மேல் முத்து முத்தாக நீர் கோத்துக்கொண்டது. கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. சோப்பு உண்டாகும்போதே கிளிசரினும் உண்டாகிறது; நம் ஊர் ஈரக்காற்றிலிருந்து அது நீரை இழுத்துக்கொள்கிறது. துணியால் ஒற்றியெடுத்து, கம்பித் தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி, மின்விசிறிக் காற்றில் ஆறு வாரம் காய விடுங்கள்.

கேள்வி (பாயான் லெப்பாஸ்): முகத்துக்கு எலுமிச்சைச் சாறும் மஞ்சளும் பூசலாமா?

பதில்: எலுமிச்சை வேண்டாம். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் எழலாம். அது ஆறினாலும் கருந்திட்டு பல வாரம் நிற்கும். மஞ்சளை முதலில் முழங்கை உட்புறத்தில் சிறிது தடவி, இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள்.

கேள்வி (செந்தூல்): செய்த சோப்பைப் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கலாமா?

பதில்: மலேசியாவில் அழகுப் பொருள் எதையும் விற்பதற்கு முன் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தில் அறிவிப்புப் பதிவு செய்ய வேண்டும், குளியல் சோப்பும் அதில் அடங்கும். உறவினருக்குச் சும்மா கொடுத்தாலும், சேர்த்த எண்ணெய்களின் பெயரையும் வார்த்த தேதியையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். பாதாம் எண்ணெய் சேர்த்திருந்தால், பாதாம் ஒவ்வாதவர் அதைப் படித்தே தெரிந்துகொள்வார்.